சுன்னாகத்துத் தண்ணீர் யாருடையது?

பிள்ளைகளே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலிக் கடலில் சேரும் அந்த ஆற்றில் மாரியில் மட்டுந்தான் தண்ணீர். அப்படியிருந்தும் சுன்னாகம் சந்தையில் விடியற்காலையில் வெங்காயமும் கத்தரிக்காயும் மரவள்ளியும் வாழைக்குலைகளும் குவிகின்றன. இவ்வளவு பயிருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கிணற்றிலிருந்து என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரிதான். அந்தக் கிணற்றுத் தண்ணீர் யாருடையது? இந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை தேடப்போகிறோம். பாதி விடை பாறையில் இருக்கிறது, மீதி மனிதரில் இருக்கிறது.

பாறை சொல்வது

எங்கள் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மயோசீன் என்று நிலவியலாளர் அழைக்கும் மிகப் பழைய காலத்தில் கடலுக்கடியில் உருவான பாறை அது. மழைநீர் பட்டுப்பட்டுக் கரைந்து, அதற்குள் வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளும் உண்டாகிவிட்டன. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி இந்த இடைவெளிகளில் தங்குகிறது. குடாநாட்டின் நிலத்தடி நீரை வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் பகுதிகளாக ஆய்வாளர் பிரிப்பர். வலிகாமத்துப் பகுதியைப் பல ஆய்வுகள் சுன்னாகம் நீர்ப்படுகை என்றே குறிப்பிடுகின்றன.

அந்த நல்ல தண்ணீருக்கும் கீழே என்ன இருக்கிறது தெரியுமா? கடல். குடாநாட்டைச் சூழ்ந்துள்ள கடல்நீர் பாறை வழியாக நிலத்துக்குக் கீழேயும் நுழைந்திருக்கிறது. நன்னீர் இலேசானது, உப்புநீர் பாரமானது. ஆகவே நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்பவரும், 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்பவரும் இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இதையே மறுபக்கமாகப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் கீழிருந்து ஏறத்தாழ 40 அடி மேலே வந்துவிடும்!

உங்கள் வளவையும் பக்கத்து வளவையும் பிரிக்கும் மதிலுக்கு அத்திவாரம் சில அடி ஆழந்தான். அதற்குக் கீழே பாறை ஒன்று, தண்ணீரும் ஒன்று. உடுவில், மல்லாகம், ஏழாலை, இணுவில் எங்கும் கிணறுகள் வேறுவேறு, நீர்ப்படுகை பொது.

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை நிலவியல் சொல்லும். எவ்வளவு தண்ணீரை நாங்கள் எடுப்போம் என்பதை அது சொல்லாது. அதற்கு, மனிதர் கூட்டமாக வாழும்போது எப்படி நடக்கிறார்கள் என்று ஆராயும் அறிவியல் வேண்டும். அதுதான் சமூகவியல். அதிலும் கவனித்தல், ஊகித்தல், சோதித்தல் எல்லாம் உண்டு. நீங்களே இப்போது ஒரு சோதனை செய்யலாம்.

புளியங்கொட்டைச் சோதனை

நான்கு பேர் வட்டமாக இருங்கள். நடுவில் ஒரு கோப்பை, அதில் 20 புளியங்கொட்டை. ஐந்தாவது ஆள் நடுவர். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் 0 முதல் 5 வரை எத்தனை கொட்டை வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி, மற்றவருக்குக் காட்டாமல் நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் அவ்வளவையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதி இருப்பதை இரட்டிப்பாக்குவார். ஆனால் கோப்பையில் 20க்கு மேல் நிற்கக்கூடாது. மழை பெய்து கிணறு ஊறுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறதல்லவா? இப்படிப் பத்துச் சுற்று. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது.

எல்லாரும் 5 கேட்டால் முதற் சுற்றிலேயே கோப்பை காலி. ஆளுக்கு 5 கொட்டையோடு விளையாட்டு முடிந்தது. எல்லாரும் 2 கேட்டால் 8 போய் 12 மிஞ்சும். அது இரட்டிக்கும்போது கோப்பை மறுபடியும் 20க்கு நிரம்பிவிடும். பத்துச் சுற்று முடிய ஆளுக்கு 20 கொட்டை.

இனி, மூன்று பேர் 2 கேட்க, ஒருவர் மட்டும் 5 கேட்கிறார் என்று வையுங்கள். முதற் சுற்றில் 9 மிஞ்சி 18 ஆகும். அடுத்ததில் 7 மிஞ்சி 14 ஆகும். அடுத்ததில் 3 மிஞ்சி 6 ஆகும். நான்காம் சுற்றில் கேட்பது 11, இருப்பதோ 6. கோப்பையைக் காலிசெய்ய ஒருவரின் பேராசையே போதும்.

இதைப் போன்ற ஒரு சோதனையை 1979இல் ஜூலியன் எட்னி என்ற உளவியலாளர் செய்தார். அவர் பயன்படுத்தியவை புளியங்கொட்டை அல்ல, இரும்பு நட்டுகள். பெரும்பாலான குழுக்களில், கோப்பை முதல் தடவை இரட்டிப்பாகும் முன்பே எல்லாரும் பாய்ந்து அள்ளி அதைக் காலியாக்கிவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்தால் எல்லாருக்கும் அதிகம் கிடைக்கும் என்று தெரிந்தும், மற்றவன் எடுத்துவிடுவானோ என்ற பயம் கையை நீட்ட வைத்தது.

ஒரு நம்பிக்கையும் ஓர் ஆராய்ச்சியும்

1968இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் திறந்துவிட்ட மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் மந்தையைப் பெருக்குவார்கள், முடிவில் புல்லே அழிந்துபோகும் என்றார். பொதுச் சொத்தைக் காக்க வேண்டுமானால் அதைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும் என்று அதைப் படித்த பலர் முடிவுகட்டினார்கள். பல நாடுகளில் சட்டங்களும் திட்டங்களும் அந்த எண்ணத்தில் எழுந்தன.

மனிதர் இப்படித்தான், உலகம் இப்படித்தான் என்று நாம் ஊறிப்போய் நம்பும் எண்ணங்களின் தொகுப்பைக் கருத்தியல் என்பார்கள். கருத்தியலைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. ஆனால் சட்டத்தையும் வழக்கத்தையும் உருவாக்கும் பலம் அதற்கு இருக்கிறது. அதனால்தான் அதைச் சோதித்துப் பார்ப்பது முக்கியம். மனிதருக்குத் தம்முள் பேசி ஒழுங்கு செய்துகொள்ளவே தெரியாது என்பது உண்மையா?

இதைச் சோதித்தவர் எலினோர் ஒஸ்ட்ரொம். 1933இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். 1965இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தது என்ன தெரியுமா? நிலத்தடி நீர்! அந்த நகரத்துக் கரையோரத்திலும் ஆளாளுக்குக் குழாய்க்கிணறு போட்டு இறைத்தார்கள். நீர்மட்டம் தாழ, கடல் உள்ளே வந்தது. சுன்னாகத்துப் பிள்ளைகளுக்குப் புரியாத கதையா இது?

அங்கே தண்ணீர் இறைத்தவர்கள் 1940களில் ஒரு சங்கமாகக் கூடினார்கள். பல ஆண்டு பேசினார்கள், நீதிமன்றம் போனார்கள், கடைசியில் ஒவ்வொருவரும் இறைப்பைக் குறைக்க உடன்பட்டார்கள். யார் எவ்வளவு இறைத்தார் என்ற கணக்கு ஆண்டுதோறும் எல்லார் கண்ணிலும் படும்படி அறிக்கையாக வந்தது. கரையோரமாக நன்னீரை நிலத்துக்குள் செலுத்தி, உப்புநீரை மறிக்கும் வேலையும் நடந்தது.

பிறகு ஒஸ்ட்ரொம் சுவிற்சர்லாந்தின் மலைமேய்ச்சல், ஸ்பெயினின் வலன்சியா வாய்க்கால், ஜப்பானியக் கிராமத்துக் காடு எனப் பல இடங்களின் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். நூற்றாண்டுகளாகப் பொதுச் சொத்தைக் காத்துவந்த ஊர்கள் இருந்தன. காக்க முடியாமல் தோற்ற ஊர்களும் இருந்தன. வென்ற இடங்களில் சில பண்புகள் திரும்பத் திரும்பத் தெரிந்தன. யாருக்குப் பங்கு என்பது தெளிவாக இருந்தது. அந்த இடத்துக்குப் பொருத்தமான விதியைப் பயன்படுத்துவோரே வகுத்தார்கள். விதி மீறப்படுகிறதா என்று பார்க்க ஆள் இருந்தது. மீறியவருக்கு முதலில் சிறு தண்டனை, மறுபடி மீறினால் கூடிய தண்டனை. பிணக்கு வந்தால் விரைவில் தீர்க்க ஓர் இடம் இருந்தது. 1990இல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதைப் பெற்ற முதற் பெண் அவரே.

பேசினால் என்ன நடக்கும்?

ஒஸ்ட்ரொமும் அவருடைய சகாக்களும் ஆய்வுகூடத்திலும் சோதனை செய்தார்கள். மாணவர்கள் ஒரு பொது நிதியிலிருந்து எடுக்க வேண்டும், பேசக்கூடாது. நிதி வீணாய்ப் போனது. அடுத்து, முகத்துக்கு முகம் பார்த்துப் பேச அனுமதித்தார்கள். கொடுத்த வாக்கை மீறினால் தண்டனை எதுவும் இல்லை. என்றாலும் ஒத்துழைப்பு வெகுவாகக் கூடியது. வெறும் பேச்சுக்கு அவ்வளவு பலம்!

2001இல் சூரிச் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். பொது நிதிக்குக் காசு போடும் ஒரு விளையாட்டில் ஏறத்தாழ பாதிப்பேர், மற்றவர் கொடுத்தால் தாமும் கொடுத்தார்கள், மற்றவர் குறைத்தால் தாமும் குறைத்தார்கள். ஏறத்தாழ 30 வீதத்தினர் எதையும் கொடுக்கவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? எங்களுள் பெரும் பகுதியினர் நல்லவரும் அல்லர், கெட்டவரும் அல்லர். அயலவரைப் பார்த்து நடப்பவர்கள். ஆகவே நீங்கள் ஒருவர் ஒழுங்காக நடப்பதை மற்றவர் காண்பதும் ஒரு பொதுச்சேவைதான்.

எங்கள் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. அம்பாறை மாவட்டத்துக் கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்கால்கள் தூர்ந்துபோய், கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாமல் சண்டை நடந்துகொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களை அங்கே அனுப்பின. அவர்கள் கட்டளை இடவில்லை. வீடுவீடாகப் போய்ப் பேசினார்கள், விவசாயிகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். விவசாயிகள் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கினார்கள். தலைப்பகுதியில் இருந்த சிங்கள விவசாயிகள் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கு விட்டதும் நடந்தது. இதைப் பக்கத்தில் இருந்து கவனித்து எழுதியவர் கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹோப்.

துலாவும் மிசினும்

எங்கள் ஊருக்கு வருவோம். உங்கள் பூட்டன் காலத்துத் தோட்ட இறைப்பைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். கிணற்றடியில் ஆடுகால் நட்டு, அதன்மேல் நீண்ட துலா. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். ஒருவர் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். தனியொருவரால் இறைக்கவே முடியாது. இன்று நான் உன் தோட்டத்துக்கு வந்தால், நாளை நீ என் தோட்டத்துக்கு வருவாய்.

கிணறும் பல இடங்களில் பங்குக் கிணறு. காணி உறுதியிலேயே கிணற்றில் இத்தனை பங்கு, வாய்க்கால் வழி உரிமை என்று எழுதியிருக்கும். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்று முறை இருந்தது. ஒஸ்ட்ரொம் பட்டியலிட்ட பண்புகளை எங்கள் கிணற்றடியில் வைத்துப் பாருங்கள்: பங்கு தெளிவு, விதி உள்ளூர், முறை மீறினால் மற்றப் பங்காளிக்கு உடனே தெரியும்.

பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் மிசின் வந்தது, அதன்பின் மின்மோட்டர் வந்தது. முதுகொடிய மிதித்தவருக்கு அது பெரும் விடுதலை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பெருகின. அதேவேளை இரண்டு மாற்றங்கள் நடந்தன. துலாவால் இறைக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை இருந்தது, மிசினுக்கு அந்த எல்லை இல்லை. துலாவுக்கு மூன்று பேர் கூட வேண்டும், மிசினுக்கு ஒரு விரல் போதும். கருவி மாறியபோது, கூடிப்பேசும் சந்தர்ப்பமும் குறைந்துவிட்டது. பொதுத் தண்ணீரைக் காக்கப் புது விதிகளை நாங்கள் அந்த வேகத்தில் உருவாக்கவில்லை. சில கிணறுகள் உவர்ப்பாயின. அளவுக்கு மிஞ்சிய உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் பாறை வழியே இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டின. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய கிணற்றடி எல்லாருக்கும் நல்லதாக இருக்கவில்லை. சாதியின் பெயரால் எத்தனையோ குடும்பங்கள் கிணற்றில் தாமாகத் தண்ணீர் அள்ள அனுமதிக்கப்படவில்லை. யாராவது வந்து ஊற்றும்வரை வெயிலில் காத்துநின்றார்கள். ஒரு குழு தனக்குள்ளே அழகாக ஒத்துழைத்துக்கொண்டு, வெளியே நிற்பவருக்குக் கொடுமை செய்யவும் கூடும். அதற்குக் காரணம் தண்ணீர்ப் பஞ்சம் அல்ல, தலைக்குள் இருந்த ஒரு பிழையான கருத்தியல். பாதிக்கப்பட்டவர்களே துணிந்து எழுந்து போராடினார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறி, சாதியைக் காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கியது. நல்ல விதிக்கு முதல் அடையாளம், அது ஒருவரையும் வெளியே நிறுத்தாதது.

எண்ணெய் கலந்த கிணறுகள்

2010களின் முற்பகுதியில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் எண்ணெய் மணத்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்தபோது, சோதித்த கிணறுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் எண்ணெயும் கிறீசும் உரிய அளவைத் தாண்டியிருந்தன. கிணறு வீட்டு வாசலில் இருக்க, மக்கள் பவுசர் தண்ணீருக்காக வாளியோடு வரிசையில் நின்றார்கள்.

இதைச் சமூகவியல் கண்ணால் பாருங்கள். மின்நிலையத்தின் கழிவெண்ணெயை ஒழுங்காக அகற்றச் செலவாகும். நிலத்தில் விட்டால் அந்தச் செலவு விட்டவருக்கு மிச்சம், ஆனால் நூற்றுக்கணக்கான கிணறுகளின் தலையில் விழுகிறது. புளியங்கொட்டை விளையாட்டில் 5 எடுத்தவரைப் போலத்தான் இதுவும். ஒரே வேறுபாடு, இங்கே கோப்பைக்குள் இருந்தது குழந்தைகள் குடிக்கும் தண்ணீர்.

பயமும் வதந்தியும் பரவின. ஓர் அறிக்கை ஆபத்து என்றது, இன்னோர் அறிக்கை ஆபத்தில்லை என்றது. யாரை நம்புவது? அறிவியல் அறிக்கைக்கும் நம்பிக்கை என்ற அடித்தளம் வேண்டும். எங்கே மாதிரி எடுத்தோம், எப்படிச் சோதித்தோம் என்று திறந்து காட்டினால்தான் அது கிடைக்கும். 2015இல் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். ரவீந்திர காரியவசம் என்ற சூழலியலாளர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு சுன்னாகத்துக் கிணறுகளுக்காக அன்று பேசப்பட்டது.

ஊர் பேசி முடிக்கக்கூடிய பிரச்சினை ஒரு வகை, பலம் கூடிய ஒருவரை ஊரால் மட்டும் தடுக்க முடியாத பிரச்சினை இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குச் சட்டமும் நீதிமன்றமும் அரசின் கண்காணிப்பும் கட்டாயம் வேண்டும்.

கொள்கை எங்கே பிறக்கிறது?

தண்ணீருக்காக அரசு வகுக்கும் திட்டத்தைப் பொதுக்கொள்கை என்பார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழி தண்ணீர் கொண்டுவர ஒரு திட்டம் போட்டார்கள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் குறையுமே என்று அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது, எங்களுடைய தாகமும் நியாயமானது. பின்னர் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து, 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு.

குழாயில் தண்ணீர் வருவது நல்லது. ஆனால் அதைக் கண்டதும் கிணற்றை மறந்தால் கெட்டோம். தோட்டம் இன்னும் கிணற்றை நம்பித்தான் இருக்கிறது. எவ்வளவு பெரிய இயந்திரம் வந்தாலும், பொதுத் தண்ணீரைக் காப்பது பொதுவாகப் பேசி, எல்லாருக்கும் தெரியும்படி அளந்து, ஒருவரையும் விலக்காமல் வகுத்த விதிதான் என்பதை ஒஸ்ட்ரொமின் ஆராய்ச்சியும் கல்லோயா விவசாயிகளும் காட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய ஓர் ஆய்வு

முதலில் புளியங்கொட்டைச் சோதனையை வகுப்பில் இருமுறை செய்யுங்கள், ஒருமுறை பேசாமல், ஒருமுறை ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஒரு நிமிடம் பேசி. எத்தனை சுற்று நிலைத்தது என்று இரண்டையும் அட்டவணையில் எழுதுங்கள். வேறு வகுப்பினரையும் செய்யச் சொல்லி ஒப்பிடுங்கள். ஒரு தடவை கிடைத்த விடையை உண்மை என்று அறிவியல் உடனே ஏற்காது.

பிறகு உங்கள் ஒழுங்கையில் சில வீடுகளுக்குப் பெரியவர் ஒருவரோடு போய் நான்கு கேள்வி கேளுங்கள். இது பங்குக் கிணறா, தனிக்கிணறா? நாளுக்கு எவ்வளவு நேரம் மோட்டர் ஓடுகிறது? கோடையில் தண்ணீரின் சுவை மாறுகிறதா? மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது? பெயர் எழுதாதீர்கள், விடையை மட்டும் எழுதுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். மனிதரை ஆராய்பவருக்கு மரியாதைதான் முதற் கருவி.

விடைகளை ஒரு பெரிய தாளில் வரைந்து வகுப்புச் சுவரில் தொங்கவிடுங்கள். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் அதைக் காட்டி, இந்தத் தண்ணீர் யாருடையது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். எல்லாருடையதும் என்று உடனே சொல்வார்கள். அப்படியானால் அதற்கு எங்கள் விதி என்ன என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் யோசிக்கத் தொடங்கும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து பேசுங்கள். அந்தத் தண்ணீரை அதிக காலம் குடிக்கப்போகிறவர்கள் நீங்கள்தான்.